மூன்று சப்நெட், ஒரே இன்டர்நெட்: திரும்பி வரும் வழியை மறக்காதீர்கள்

அலுவலகத்தில் மூன்று தளங்கள், தளத்துக்கு ஒரு சப்நெட் (தனி முகவரித் தொகுதி கொண்ட உள்வலை). வெளியே போக இருப்பதோ ஒரே ஃபைபர் இணைப்பு. நடுவில் ஒரு லேயர் 3 ஸ்விட்ச் (சப்நெட்டுகளுக்கு இடையே வழிகாட்டவும் தெரிந்த ஸ்விட்ச்), இன்டர்நெட் பக்கம் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர். இந்த அமைப்பில் பாதிச் சிக்கல் ஒரே இடத்தில்தான் வரும்: பாக்கெட் (தரவுத் துண்டு) வெளியே போக வழி சொல்லியிருப்போம், திரும்பி வர வழி சொல்லியிருக்க மாட்டோம்.

படி 1: எண்களைத் தாளில் எழுதுங்கள்

தளங்களுக்கு 192.168.16.0/24, 192.168.17.0/24, 192.168.18.0/24. /24 என்றால் முகவரியின் முதல் மூன்று எண்களும் மாறாதவை; கோட்டுக்குப் பின் வரும் எண் சிறிதானால் தொகுதி பெரிது. ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவே தனியாக ஒரு 10.0.0.0/30, அதில் ரவுட்டர் 10.0.0.1, ஸ்விட்ச் 10.0.0.2. 192.168.1.0 மட்டும் வேண்டாம். பல ஃபைபர் மோடம்கள் அந்த எண்ணோடுதான் வருகின்றன, இரண்டும் மோதிக்கொள்ளும்.

படி 2: ஸ்விட்ச்

ஒவ்வொரு விலானுக்கும் (ஸ்விட்சுக்குள் ஒரு தளத்துக்கான தனி வலை) .1 முகவரி கொடுங்கள். ஐபி ரவுட்டிங் (சப்நெட்டுகளுக்கு இடையே பாக்கெட்டை அனுப்பும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். பல ஸ்விட்சுகளில் அது அணைந்தே இருக்கும். அப்புறம் டீஃபால்ட் ரூட், அதாவது வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான வழி: 0.0.0.0/0, அடுத்த நிறுத்தம் 10.0.0.1. கணினிகளின் கேட்வே (வெளியே போகும் வாசல்) அந்தந்தத் தளத்தின் .1தான், ரவுட்டரின் முகவரி அல்ல.

படி 3: ரவுட்டர்

மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸைத் திறந்து, ஸ்விட்ச் செருகிய ஈதர்2 போர்ட்டை பிரிட்ஜிலிருந்து (பல போர்ட்டுகளை ஒன்றாக இணைக்கும் தொகுப்பு) கழற்றி, அதற்கு 10.0.0.1/30 கொடுங்கள். இதைச் செய்யும்போது உங்கள் லேப்டாப் வேறு போர்ட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் பாதியில் வெளியே தள்ளப்படுவீர்கள்.

அதே கையோடு, இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டில் ஈதர்2ஐ 'லேன்' (உள்வலைப் பக்கம்) பட்டியலில் சேருங்கள். இதை விட்டால் வரும் கோளாறு விசித்திரமானது. ஆரம்ப ஃபயர்வால் விதிகள் பிங்கை (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அனுமதிக்கும். ஆனால் லேன் பட்டியலில் இல்லாத போர்ட்டிலிருந்து ரவுட்டரிடம் வரும் மற்ற கோரிக்கைகளைத் தள்ளிவிடும். ரவுட்டரையே டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக்கும் சேவை) ஆக வைத்திருந்தால், வெளியே உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8க்கு பிங் போகும், ஒரு வெப்சைட்டும் திறக்காது.

நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) விதி ஒன்றே போதும்: செயின் 'எஸ்ஆர்சிநாட்', வெளியேறும் பட்டியல் 'வேன்' (இன்டர்நெட் பக்கம்), ஆக்‌ஷன் 'மாஸ்கரேட்'. ஆரம்ப அமைப்பிலேயே இது இருக்கும். இதில் மூல முகவரி எதையும் குறிப்பிடாததால் மூன்று சப்நெட்டும் தானாகவே அடங்கிவிடும்.

படி 4: திரும்பும் வழி

இப்போது ஸ்விட்சிலிருந்து 8.8.8.8க்கு பிங் செய்தால் பதில் வரும். 192.168.17.20 என்ற கணினியிலிருந்து செய்தால் வராது. ஏன்? ஸ்விட்ச் 10.0.0.2 என்ற பெயரில் பேசுகிறது, அது ரவுட்டருக்கு நேரடியாகத் தெரிந்த பக்கத்து வீடு. கணினிக்கு வந்த பதிலோ, ரவுட்டர் வரை வந்துவிட்டது, நாட்டும் முகவரியைத் திருப்பி மாற்றிவிட்டது. ஆனால் 192.168.17.20 எங்கே என்று ரூட் டேபிளில் இல்லை. தெரியாத எதையும் டீஃபால்ட் வழியில் அனுப்புவதுதான் வழக்கம், எனவே பதில் மறுபடி இணைப்பு நிறுவனத்தின் பக்கமே போய்த் தொலைகிறது.

ஐபி, ரூட்ஸ் போய் ஒரு வரி சேருங்கள்: சேரிடம் 192.168.16.0/22, கேட்வே 10.0.0.2. 16இல் ஆரம்பித்தது இதற்காகத்தான். 16 முதல் 19 வரை நான்கு சப்நெட்டையும் ஒரே /22 மூடிவிடும். நாளைக்கு நான்காவது தளம் வந்தாலும் ரவுட்டரைத் தொட வேண்டாம்.

இதில் ஒரு சிறு பொறி. 19 இன்னும் பயன்பாட்டில் இல்லை. யாராவது 192.168.19.5ஐத் தேடினால் ஸ்விட்ச் அதை டீஃபால்ட் வழியில் ரவுட்டருக்குத் தள்ளும், ரவுட்டர் ஸ்விட்சுக்கே திருப்பும். டிடிஎல் (பாக்கெட் எத்தனை தாவல் தாவலாம் என்ற வரம்பு) தீரும்வரை இந்தப் பந்தாட்டம் ஓடும். ஸ்விட்சில் 192.168.16.0/22க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட் (வரும் பாக்கெட்டை அப்படியே கைவிடும் வழி) போட்டால் சரி. மற்ற மூன்று சப்நெட்டுக்கும் /24 என்ற துல்லியமான வழி இருப்பதால் அவை பாதிக்கப்படாது.

படி 5: சோதனை

அதே 192.168.17.20 கணினியில் 8.8.8.8க்கு டிரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் நிறுத்தங்களை வரிசையாகக் காட்டும் கருவி) ஓட்டுங்கள். முதல் வரி 192.168.17.1, இரண்டாவது 10.0.0.1, மூன்றாவது மோடம் அல்லது இணைப்பு நிறுவனத்தின் முகவரி. முதல் வரியோடு நின்றால் ரவுட்டரின் /22 வரியைப் பாருங்கள். இரண்டாவதோடு நின்றால் நாட். எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகாவிட்டால் டிஎன்எஸ். மூன்று தளத்திலும் ஒவ்வொரு கணினியில் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு ரவுட்டரின் அமைப்பை பேக்கப் எடுத்து வையுங்கள்.