ஆண்டுக்குப் பத்து நொடி: குவார்ட்ஸ் வாட்சில் செய்யக் கூடாதவை

உயர்ரக குவார்ட்ஸ் வாட்ச் (செல்லில் ஓடி, குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டுவது) வாங்கியதும் பலர் தினமும் காலையில் அதைப் போன் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஜப்பானிய வாட்ச் நிறுவனமான கிராண்ட் சீகோவின் 9எஃப் வகை குவார்ட்ஸ் இயந்திரத்துக்குச் சொல்லப்படும் துல்லியம் ஆண்டுக்கு ±10 நொடி. மாதத்துக்கு ஒரு நொடிகூட வராது. முள்ளைப் பார்த்துச் சொல்வதில் நம் கண் செய்யும் பிழையே அதைவிடப் பெரிது. நொடி சரியாக வைத்த தேதியைக் குறித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், போதும்.

அந்த ±10-க்கு நிபந்தனையும் உண்டு. ஒரு நாளைக்குச் சுமார் 8 மணி நேரம் கையில் கட்டியிருக்க வேண்டும், வெப்பம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காரணம், உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம். பொதுவாக அது 25 டிகிரியை ஒட்டித்தான் நிலையாக இருக்கும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 10 டிகிரி விலகினால் ஒரு நாளைக்குச் சுமார் 0.3 நொடி போய்விடும். 9எஃப் ஒரு நாளில் 540 முறை வெப்பத்தை அளந்து அதைச் சரிசெய்துகொள்கிறது. விலையில் பெரும்பங்கு இந்த மாதிரி வேலைக்குத்தான் என்பது என் எண்ணம். அப்படிப்பட்டதை வருஷம் முழுக்க பீரோவில் பூட்டிவைத்துவிட்டு நொடிக்கணக்குப் பார்ப்பதில் நியாயமில்லை.

திடீரென்று அரை நிமிடம் பின்தங்கினால் படிகத்தைக் குறை சொல்லாதீர்கள், காந்தத்தைத் தேடுங்கள். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாமே முள்ளை நகர்த்தும் மோட்டாரை நிறுத்திவைக்கும். விலக்கினால் மறுபடி ஓடும், ஆனால் போன நேரம் போனதுதான். சரியான நேரத்தை வைத்துவிட்டால் தீர்ந்தது.

நேரம் வைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். நொடிமுள் 12-இல் வரும்போது சாவியை இழுத்து நிறுத்துங்கள். நிமிட முள்ளை வேண்டிய இடத்தைத் தாண்டி நாலைந்து நிமிடம் முன்னே கொண்டுபோய், அப்புறம் பின்னே திருப்பிச் சரியான கோட்டில் வையுங்கள். பல்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு அதில் அடங்கிவிடும். பெரும்பாலான குவார்ட்ஸ் வாட்சுகளில் இரவு 9 முதல் 1 மணி வரை தேதியைத் தொடக் கூடாது.

நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத் தாவினால் பயப்பட வேண்டாம். செல் தீரப்போகிறது என்று வாட்சே சொல்கிறது. அதை முதலில் கிடைத்த கடையில் நெம்பித் திறக்கவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மூடியின் ரப்பர் வாஷர் நசுங்கினால் தண்ணீர் தாங்கும் தன்மை போய்விடும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வாஷரை மாற்றச் சொல்லி, நீர் அழுத்தச் சோதனையும் கேட்டு வாங்குங்கள். நின்றுபோன வாட்சைச் செல்லோடு அப்படியே போட்டுவைக்கவும் வேண்டாம். பழைய செல் கசிந்தால் சர்க்யூட்டே போய்விடும்.