ஐப்டேசியா வந்துருச்சா? சுரண்டாதீங்க, சுண்ணாம்பு ஊட்டுங்க

ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணி மீன் தொட்டி வச்சிருக்கிற முக்கால்வாசி பேருக்கு என்னிக்காவது இந்த பேஜார் வரும். பாறை இடுக்குல ஒல்லியா தண்டு, மேல சுத்தி ஓலை ஓலையா கை, லேசா உள்ள தெரியிற பழுப்பு கலர். விரலை கிட்ட கொண்டு போனா சடக்குன்னு ஓட்டைக்குள்ள போயிடும். அதான் ஐப்டேசியா, கடல் சாமந்தி வகைதான். பக்கத்துல இருக்கிற பவளத்தை கொட்டிக் கொட்டி சாகடிச்சிடும்.

நான் பெரம்பூர்ல 150 லிட்டர் டேங்க் வச்சிருக்கேன். ஜோவாந்தஸ்னு ஒரு பவள வகை ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கல்லோட இது ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு, நான் பழைய டூத் பிரஷ் எடுத்து தேய்ச்சு விட்டேன், வேவ்மேக்கர் (தண்ணியை அலை மாதிரி அசைக்கிற மோட்டார்) வேற ஓடிட்டு இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு எண்ணிப் பார்த்தா 23. அடிப்பாகத்துல இருந்து பிஞ்சு போற துளி சதை கூட தனி ஐப்டேசியாவா வளர்ந்துடும், அதனால பிடுங்குறது, வெட்டுறது, நசுக்குறது மூணுமே வேணாம்.

வேணுங்கிறது: சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு பவுடர் (சுண்ணாம்புதான், மெரைன் ஆளுங்க கால்க்னு சொல்றது), ஆர்ஓ தண்ணி, மெடிக்கல்ல கிடைக்கிற 5 எம்எல் சிரிஞ்ச், 18 கேஜ் ஊசி, அதாவது பிங்க் கலர் அடி இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்ச் வாங்காதீங்க, ரெண்டாவது அழுத்துலயே அடைச்சுக்கும். வெத்தலைக்கடை சுண்ணாம்பும் வேணாம், அதுல என்னென்ன கலந்திருக்குன்னு நமக்கு தெரியாது. ஆயிரக்கணக்குல விக்கிற ரெடிமேட் மருந்து பாட்டிலை விட எனக்கு இந்த கால்க்தான் புடிக்கும். ஆனா கண்ணுல பட்டா கண்ணே போயிடும், கண்ணாடி போட்டுக்கோங்க, சின்னப் பசங்களை கிட்ட விடாதீங்க.

பவுடரை தோசை மாவு பதத்துக்கு கரைச்சுக்கோங்க. தண்ணியா இருந்தா டேங்க் முழுக்க பால் மாதிரி பரவிடும். மோட்டார், வேவ்மேக்கர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, தண்ணி அசையவே கூடாது.

இப்போ சொல்றதுதான் முக்கியம், நான் மூணு வாரம் தடுமாறினது இதுலதான். எல்லாரும் ஊசியை தண்டுல குத்துன்னு சொல்றாங்க, நானும் குத்தினேன், ஊசி பட்ட உடனே அது உள்ள சுருங்கிடுச்சு, மாவு வெளியிலயே கொட்டுச்சு, நாலு நாள் கழிச்சு அதே ஓட்டையில இருந்து மறுபடி தலை நீட்டுச்சு. அப்பால ஒருநாள் மீனுக்கு எறா போடும்போது கவனிச்சேன், ஒரு துணுக்கு மேல விழுந்ததும் அது கையெல்லாம் மடக்கி வாய்ப்பக்கம் இழுத்துட்டுப் போச்சு. அப்போதான் விஷயம் புரிஞ்சுது, குத்தக் கூடாது, ஊட்டணும். முதல்ல எறா ஜூஸ் ரெண்டு சொட்டு விடுங்க, நல்லா விரியும். ஊசி முனையை நடுவுல இருக்கிற வாய்க்கு ஒரு நூல் மேல, தொடாம வச்சு, மெதுவா, ரொம்ப மெதுவா மாவை இறக்குங்க. அதுவே இழுத்து முழுங்கும். முழுங்கி சுருங்கினதும் அந்த ஓட்டை வாய் மேல இன்னும் கொஞ்சம் மாவு வச்சு மூடிடுங்க.

15, 20 நிமிஷம் அப்படியே விட்டுட்டு, மிஞ்சின வெள்ளை மாவை ஏர் டியூப் வச்சு உறிஞ்சி எடுத்துட்டு மோட்டார் போடுங்க. பவளம் மேல ஒட்டியிருந்தா அதுவும் வெந்துடும். என் சைஸ் டேங்குக்கு ஒரு நாளைக்கு 4, 5க்கு மேல தொடாதீங்க, கால்க் தண்ணியோட பிஎச்சை (காரத்தன்மை அளவை) சடசடன்னு ஏத்தும். வாரம் ஒருமுறை பார்த்து புதுசா வந்த குட்டிங்களுக்கும் இதே மாதிரி பண்ணுங்க. எனக்கு முழுசா அடங்க ரெண்டு மாசம் ஆச்சு.

பெப்பர்மின்ட் எறா விடலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. விடலாம், குட்டி ஐப்டேசியாவை ராத்திரியில திங்கும், ஆனா தீனி அதிகமா போட்டா இதை எட்டியும் பார்க்காது. கொளத்தூர் அலங்கார மீன் கடைங்கள்ல வாங்கப் போனா நல்லா உத்துப் பாருங்க: முதுகுல கூன், உடம்புல வெள்ளைக் கோடும் புள்ளியும், பெரிய கண்ணு இருந்தா அது கேமல் எறா, அது பவளத்தையே பிச்சுத் தின்னும். பெப்பர்மின்ட்ல செவப்பு மெல்லிசு கோடு மட்டும்தான் இருக்கும்.

இன்னொருத்தர் பாறையை எடுத்து வேக வச்சிடலாமான்னு கேட்டார். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஜோவாந்தஸ், பாலிதோவா வகைங்கள்ல பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கலாம், கொதிக்கிற ஆவியில கலந்து வீட்ல இருக்கிற அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகும். வேற வழியே இல்லேன்னா அந்தக் கல்லை வெளிய எடுத்து மாசக்கணக்குல காய விடுங்க. அதுக்குப் பதிலா ராமேஸ்வரம் பக்கம் இருந்து பவளப்பாறை வரவழைக்கலாம்னும் நினைக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்.

சம்ப்பையும் (டேங்குக்குக் கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) அதுக்குத் தண்ணி வழியிற ஓவர்ஃப்ளோ பெட்டியையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. டேங்க் சுத்தமாயிடுச்சுன்னு நான் நிம்மதியா இருந்தப்போ ரிட்டர்ன் பைப் பின்னாடி ஆறு நின்னுட்டிருந்துச்சு.