பத்து நிமிட நடை, அரை ஸ்பூன் சீனி: சின்ன ஆரோக்கிய இலக்கை வைப்பது எப்படி?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை 112 என்று வந்தது. 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 126-ஐத் தொட்டால் நீரிழிவுதானா என்று மறுபடி எடுத்து உறுதி செய்யச் சொல்வார்கள். நான் நடுவில் நின்றேன்.

அன்று ராத்திரியே ஒரு பட்டியல் போட்டேன். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடப்பது, சீனி அறவே கிடையாது, இரவில் இரண்டு சப்பாத்தி, பத்து மணிக்கெல்லாம் படுக்கை. எட்டு நாள் ஓடியது. ஒன்பதாவது நாள் குழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு 5 மணிக்கு எங்கே எழுவது? நடை நின்றது. நடை நின்றதும் "இனிமேல் என்ன" என்று டீயில் சீனியும் திரும்பி வந்துவிட்டது.

உடம்பும் மனசும் தெம்பாக இருந்த ஒரு நாளில், எல்லா நாளும் அப்படியே இருக்கும் என்று நினைத்து அந்தப் பட்டியலைப் போட்டிருந்தேன். இரண்டாவது முறை வேறு மாதிரி ஆரம்பித்தேன். இதுவரை இப்படி எதையும் முயன்று பார்க்காதவர்களுக்காக, அதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் மோசமான நாளை எழுதுங்கள்

இலக்கை எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். போன மாதத்தில் உங்களைப் பாடாய்ப் படுத்திய ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். விருந்தாளி வந்திருக்கலாம், மழை கொட்டியிருக்கலாம், வேலை முடிந்து வீட்டுக்கு வரவே இரவு ஒன்பதரை ஆகியிருக்கலாம். அந்த நாளில் எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது படுத்தீர்கள், எந்தப் பத்து நிமிடம் உங்கள் கையில் இருந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். எந்த இலக்காக இருந்தாலும் அந்த நாளிலும் அது நடக்க வேண்டும். நடக்காது என்று தோன்றினால் இன்னும் சின்னதாக்க வேண்டும். மற்ற படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

படி 2: ஒன்றே ஒன்றை எடுங்கள்

நடை, டீயில் சீனி, ஊறுகாயும் அப்பளமும், படுக்கையில் போன் பார்ப்பது என்று எல்லாமே திருத்த வேண்டியதாகத்தான் தெரியும். இப்போதைக்கு ஒன்று போதும். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், தினமும் அதிக முறை செய்வதை எடுங்கள்.

டீயையே பாருங்கள். தலை தட்டிய ஒரு சின்ன ஸ்பூன் சீனி சுமார் 4 கிராம். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 32 கிராம். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட், பாயசம் எதையும் கணக்கில் சேர்க்காமல் டீயிலேயே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம். ஒவ்வொரு டீயிலும் அரை ஸ்பூன் குறைத்தால் நாளைக்கு 8 கிராம். மாதக் கணக்கில் கிட்டத்தட்ட கால் கிலோ சீனி. நாக்கும் அரை ஸ்பூனுக்கெல்லாம் அவ்வளவாகச் சண்டை போடாது. இரண்டு மூன்று வாரத்தில் அந்த ருசியே பழகிவிடும்.

படி 3: எடையை இலக்காக வைக்காதீர்கள்

"மூன்று மாதத்தில் 5 கிலோ" என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகிறது. எடை நம் கையில் இல்லை. தட்டும் காலும்தான் நம் கையில் இருக்கின்றன. அதனால் செய்யும் காரியத்தை எழுதுங்கள்.

இதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருடங்கள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய எடையில் பெரிய மாற்றம் இல்லை. எடை மெஷின் முள் அசையவில்லை என்று எத்தனை பேர் நடையையே விட்டிருக்கிறார்கள்! அதே நேரத்தில் உடம்புக்குள்ளே நல்லது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படி 4: கூச்சப்படும் அளவுக்குச் சின்னதாக்குங்கள்

டீயில் சீனியைக் குறைத்துப் பழகிய பிறகு நான் எடுத்த இரண்டாவது இலக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட நடை. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால் அந்தச் சர்க்கரையைத் தங்களுக்கு எரிபொருளாக இழுத்துக்கொள்ளும். வேகமாகப் போக வேண்டியதில்லை. மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கலாம்.

பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினமும் பத்து நிமிடம் கொஞ்சம் விறுவிறுப்பாக நடந்தால் 70 நிமிடம், ஏறக்குறைய பாதி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேர்த்தி என்று முன்பு இருந்த நிபந்தனையையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும்.

பத்தாயிரம் அடியை நினைத்தும் மலைக்க வேண்டாம். 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அந்தப் பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மானி' என்பதுதான்.

படி 5: பழைய பழக்கத்தின் வாலில் கட்டுங்கள்

"தினமும் நடப்பேன்" என்று எழுதினால் நடக்காது. எதற்குப் பிறகு, எங்கே என்று எழுதுங்கள். என் தாளில் இருந்த வரி இது: "இரவு தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வருவேன்." தட்டு கழுவாத நாள் கிடையாது. அதனால் ஞாபகப்படுத்த அலாரமும் தேவைப்படவில்லை. இப்படி முன்கூட்டியே நேரமும் இடமும் முடிவு செய்து வைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படி 6: காலண்டரில் ஒரு கோடு

வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் போதும். செய்த நாளில் ஒரு கோடு போடுங்கள். ஆப் எதுவும் வேண்டாம்.

படி 7: விட்டுப்போன நாளுக்கு இப்போதே வழி சொல்லிவையுங்கள்

விட்டுப்போகும். கல்யாண வீடு, பேருந்துப் பயணம், காய்ச்சல் என்று ஏதாவது வரும். "விட்டால் மறுநாள் அதே பத்து நிமிடம்தான், இருபது கிடையாது" என்று தாளின் அடியில் எழுதிவையுங்கள். நேற்றைய பாக்கியையும் சேர்த்து நடக்கப் போனால் சுமை கூடும், அப்புறம் அதையும் தள்ளிப்போடுவோம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. '21 நாளில் பழக்கம்' என்று யாராவது சொல்லி, உங்களுக்கு 22-ஆம் நாளும் சிரமமாக இருந்தால் உங்களிடம் குறை இருப்பதாக எண்ணாதீர்கள்.

படி 8: எப்போது கூட்டுவது?

காலண்டரில் நாலு வாரத்தில் 24 கோடாவது இருந்தால் ஒரு படி ஏறலாம். பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்குங்கள், அல்லது இரண்டாவது இலக்கைச் சேருங்கள். இரண்டையும் ஒன்றாக வேண்டாம். 24-க்குக் குறைந்தால் இலக்கு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடமாக்குங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள் உணவையோ நடையையோ மாற்றுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையும் ஊசியும் அதே அளவில் இருக்க, உணவு குறைந்து நடை கூடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் அங்கேயே நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

போன மாதம் மறுபடி பரிசோதித்தேன். 101 வந்தது. இன்னும் இரண்டு குறைய வேண்டும். டீயில் இப்போது அரை ஸ்பூன்தான் போடுகிறேன். நடை இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. கோயிலைத் தாண்டி நூலகம் வரை போய்த் திரும்புகிறேன்.