தாய்வளவின் உறுதிகளைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தேடுவது எப்படி

முன்னோரைத் தேடுகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் அம்மா பிறந்த வளவு, அதாவது வீட்டுக்காணி, இன்று யாருடைய பேரில் இருக்கிறது என்பதைத்தான். பலர் அதை எதிர்பார்ப்பதில்லை. அப்பப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நமக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகிப் பேரனிடம் வந்ததும் மறைந்துவிடுகிறது. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மாறாமல் வருவது வேறொன்று: வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அந்த ஒரே வளவின் உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களைப், பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், குடும்பக் கதைகளில் எங்குமே பேசப்படாத பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். அவர்களை அப்படி மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பாண்டிருப்பைச் சேர்ந்தவன். கல்முனையில், உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் ஒரு பிரசித்த நொத்தாரிசிடம் லிகிதராக (எழுத்தராக) இருந்து, சீதன உறுதியும் அறுதி (விற்பனை) உறுதியும் ஈட்டு (அடமான) உறுதியும் எழுதியே காலம் கழித்தவன். எழுதியவனுக்கு எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கும் என்று தெரியும்.

வீட்டில் இருக்கும் மிகப் புதிய உறுதியிலிருந்து தொடங்குங்கள். அதில் காணி எப்படி வந்தது என்று ஒரு பந்தி இருக்கும்: இன்ன இலக்க, இன்ன திகதிய, இன்ன நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய நன்கொடை உறுதிமூலம் என் தாயாரிடமிருந்து எனக்கு உரித்தான காணி என்று. இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் ஆகிய இந்த மூன்றும்தான் அடுத்த தலைமுறைக்கான வாசல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று விதித்ததால், அதற்குப் பிந்திய உறுதிகள் பெரும்பாலும் இந்த ஒழுங்கிலேயே இருக்கும். ஓர் உறுதி காணிக்காரர் கையில் இருக்கும். ஒரு பிரதி நொத்தாரிசிடம். இன்னொன்று காணிப் பதிவகத்தில். வீட்டுப் பிரதி தொலைந்தாலும் வழி அடைபடாது. நொத்தாரிசு இறந்திருந்தால் அவருடைய கட்டுகளும் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

பதிவகத்தில் உறுதி இலக்கம் தெரியாவிட்டாலும் தேடலாம். உறுதியில் பதிவு செய்த முத்திரையில் பாகமும் பக்கமும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் அதே காணியின் விற்பனை, ஈடு, நன்கொடை எல்லாம் வரிசையாகப் பதியப்பட்டிருக்கும்; பக்கம் நிறைந்தால் எந்தப் பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்றும் குறித்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஊர், காணிப்பெயர், விஸ்தீரணம், நான்கு எல்லை ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். வயற்காணியாக இருந்தால் பழைய உறுதிகளில் ஏக்கர் இராது, விதைநெல் அளவான அவணமும் மரைக்காலும் இருக்கும்; வட்டையின் (வயல்வெளியின்) பெயரை வயது போன போடிமாரிடம் (பெரிய வயற்காரரிடம்) முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதி கைக்கு வந்ததும் அவசரப்பட்டுப் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். நான் மிகவும் விரும்பி வாசிப்பது எல்லைகளைத்தான். ஒரு தாய் தன் பெரிய வளவைத் துண்டாக்கி மகள்மாருக்குச் சீதனம் கொடுத்தால், மூத்தவளின் துண்டுக்கு வடக்கு எல்லை தங்கையின் வளவாக இருக்கும். அயல்வீட்டுப் பெண்ணின் பெயர் என்று நீங்கள் தாண்டிப் போவது அம்மம்மாவின் கூடப்பிறந்தவளாக இருக்கலாம். அயல் வளவின் உறுதியையும் எடுத்துப் பார்த்தால் தாய் ஒருவரே என்பது தெரிந்துவிடும். என் தாய்வழியில் ஒரு முழுக் கிளை எங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான். சிறு வயதில் கல்யாணம் முடித்துத் தம்பிலுவில் பக்கம் போன ஒரு பெத்தாவின் (பாட்டியின்) பிள்ளைகளை இன்று கல்யாண வீடுகளில் காண்கிறோம்.

அடுத்தது நன்கொடையை ஏற்றுக்கொள்ளும் வரி. சீதனம் பெறுகிறவள் சிறுமியாக இருந்தால் அவள் சார்பில் ஒருவர் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்; தாய்மாமன் என்று உறவையும் எழுதியிருந்தால் தாயின் சகோதரன் ஒருவர் கிடைத்துவிட்டார். சீவிய உருத்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, ஒதுக்கப்பட்டிருந்தால் அதை ஒதுக்கிக்கொண்டவர் அன்றைக்கு உயிருடன் இருந்தார் என்பது நிச்சயம். இரண்டு சாட்சிகளும் எந்த ஊர் என்று பாருங்கள். இறுதியில் நொத்தாரிசின் அத்தாட்சிப் பந்தியில், கொடுத்தவர் கையெழுத்து வைத்தாரா, புள்ளடி போட்டாரா, பெருவிரல் அடையாளம் இட்டாரா என்பது இருக்கும். படமே இல்லாத ஒரு மனுசியின் கைவிரல் ரேகை அந்தத் தாளில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்து அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உறுதி எழுதாமல் இறந்தவர்களின் காணியில்தான் கணக்குத் தேவைப்படும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, மரணசாதனம் (உயில்) இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மிகுதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. வடமாகாணத்தின் தேசவழமைச் சட்டம் நம் பகுதியில் இல்லை. ஒருவர் தன் தகப்பனிடமிருந்து வந்த பிரிபடாத 1/12 பங்கை விற்கிறார் என்றால், தகப்பன் முழுக் காணிக்கும் சொந்தக்காரராக இருந்திருந்தால், தாய்க்குப் பாதி போக ஆறு பிள்ளைகள். உங்களுக்கு நாலு பேரைத்தான் தெரியும் என்றால் இன்னும் இருவரைத் தேட வேண்டும். 1/72 என்று கண்டால் பயப்படாதீர்கள்: அந்த ஆறு பேரில் ஒருவர் தாய்க்கு முன்னரே இறந்து, அவருடைய 1/12இல் பாதி துணைக்கும் மிகுதி மூன்று பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம். தாயும் இறந்த பின் பங்குகள் கூடும் என்பதால் உறுதியின் திகதியைப் பார்த்தே கணக்குப் போடுங்கள். காத்தான்குடி, கல்முனைக்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் குடி என்ற குலம் தாய்வழிதான், வீடு மகளுக்குத்தான். ஆகவே வளவைத் தேடும் முறை அப்படியே பொருந்தும். பங்குக் கணக்கு மட்டும் வேறு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு 1/8, மகளுக்கு மகனுடைய பங்கில் பாதி.

மரணசாதனம் எழுதியவர்கள் நம் ஊர்களில் குறைவு என்பதே என் அனுபவம். உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். கிடைத்தால் கவனமாக வாசியுங்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் இருப்பார்கள். அதில் ஒரு மகளின் பெயர் இல்லையென்றால் அவளை ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். முன்னரே சீதனம் பெற்றவளாக இருக்கலாம். அவளுடைய உறுதி பதிவகத்தில் இருக்கும்.

மரணசாதனத்தைவிடப் பெறுமதியானவை மாவட்ட நீதிமன்றத்தின் கோவைகள். சொத்துக் கூடியவர் இறந்தால், அவர் சொத்தைப் பங்கிட மரணசாதன வழக்கு என்ற ஒன்றை வைத்திருப்பார்கள். மனுவில் இறந்த திகதி, இடம், உரிமையாளர்கள் எல்லாருடைய பெயர், உறவு, வயது குறைந்த பிள்ளைகளுக்காக நியமிக்கப்பட்டவர் எல்லாம் இருக்கும். சொத்துப் பட்டியலில் வயலோடு எருமையும் மாடும் வண்டியும் நகையும் வரும். அந்த வீட்டின் வாழ்க்கையே அதில் இருக்கிறது. வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் பழைய அரச வர்த்தமானியில் மரணசாதன வழக்கு அறிவித்தல்களைப் பாருங்கள். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வர்த்தமானிகள் இருக்கின்றன.

பாகப்பிரிவினை வழக்கு நடந்த காணியாக இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. வழக்காளி வம்சவழி அட்டவணை ஒன்றைத் தாக்கல் செய்திருப்பார். சில தலைமுறை ஒரே தாளில் கிடைக்கும். ஆனால் அது பங்கு கேட்பதற்காக வரையப்பட்டது. பிள்ளையில்லாமல் இறந்தவர்களும் பங்கை விற்றுவிட்டுப் போனவர்களும் அதில் விடுபடலாம். எதிராளியின் மறுமொழியையும் சேர்த்து வாசித்தால்தான் நியாயமாக இருக்கும்.

1876க்கு முந்திய ஆவணம் கிடைத்தால் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். முக்குவர் வழமை என்ற பழைய மட்டக்களப்பு வழக்காற்றில் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. ஒருவருடைய வயல் அவருடைய மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போயிருந்தால் மகன் இல்லை என்றோ பகை என்றோ முடிவு கட்டாதீர்கள். அந்த மருமகனின் தாயைத் தேடுங்கள்.

குடிப் பெயர் உறுதியில் பெரும்பாலும் வராது. அதற்குக் கோயில்தான் இடம். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற கோயில்களின் திருவிழாக்களில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பதைக் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மார் அறிவார்கள். குடி தாயிடமிருந்து வருவதால், உறுதிகளில் நீங்கள் கண்டுபிடித்த தாய்வழி சரியா என்று அங்கே ஒத்துப் பார்க்கலாம். காலிங்கா குடி என்று வீட்டில் சொல்லிவந்து, உறுதிவழி போன பெண்களின் பிள்ளைகள் உலகிப்போடி குடி என்று கோயிலில் சொன்னால், நடுவில் ஓர் இணைப்பு தவறியிருக்கிறது.

சங்கிலி அறும் இடங்களும் உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 1990 இடம்பெயர்விலும் 2004 சுனாமியிலும் பெட்டியோடு போன உறுதிகள் ஏராளம். அதன்பின் பலர் காணியை நீண்டகாலமாக அனுபவித்து வருவதைச் சொல்லி வெளிப்படுத்தல் உறுதி எழுதினார்கள். அதில் முன்னைய இலக்கம் இராது. அப்போது பதிவகத்துப் பக்கத்தையும் அயல் வளவுகளின் உறுதிகளையும் கொண்டே முன்னே போக வேண்டும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முந்திய காகிதங்களுக்குக் கல்முனைக்காரரும் அக்கரைப்பற்றுக்காரரும் மட்டக்களப்பிலும் விசாரிக்க வேண்டும். ஆங்கிலச் சுட்டிகளில் கணபதிப்பிள்ளையைக் 'கே'யிலும் 'சி'யிலும் பாருங்கள். வேலுப்பிள்ளையை 'வி'யிலும் 'டபிள்யூ'விலும்.

கிடைத்த பழைய உறுதியைப் பிளாஸ்டிக் போட்டு ஒட்டிவிடாதீர்கள். மை கலங்கும், பிறகு பிரிக்க முடியாது. இரண்டு பக்கத்தையும் முத்திரையோடு படம் எடுத்து, பிரதியை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். மூலத்தை மடிப்பு நீக்கிப் பருத்தித் துணியில் வைத்து, வளவு இப்போது யார் பேரில் இருக்கிறதோ அந்த மகளிடமே கொடுங்கள்.