கொரில்லா பெர்மிட் ஒரு பக்கம், லாட்ஜ் இன்னொரு பக்கம்: புவிண்டி பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைக் கொரில்லாவைக் காட்டில் பார்க்க மூன்றே நாடுகள்தான்: உகாண்டா, ருவாண்டா, காங்கோ. அதற்கான அனுமதிச் சீட்டான பெர்மிட் ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800. அதனால் முதல்முறை போகிறவர்கள் பலர் உகாண்டாவின் புவிண்டி காட்டுக்கே போகிறார்கள். மழைக்கோட்டு, கொசு மருந்து, நல்ல ஷூ பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். காசும் நாளும் வீணாவது வேறு இடங்களில்.

பிரிவைப் பார்க்காமல் லாட்ஜ் போடுவது

இது இன்னும் நடக்கிறதே என்றுதான் எரிச்சல். புவிண்டிக்கு ஒரே வாசல் இல்லை. வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, ங்குரிங்கோ என நான்கு பிரிவுகள். பெர்மிட் என்பது ஒரு பிரிவுக்கு, ஒரு தேதிக்கு மட்டும். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் 8 பேர்தான் பார்க்கலாம் என்பதால் பிரிவை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலும் இடம் இருக்காது.

மேப்பில் புஹோமாவும் ங்குரிங்கோவும் பக்கத்தில்தான் தெரியும். நடுவில் இருப்பது காடு. நடைபாதை உண்டு, கார் போகாது. புஹோமாவிலிருந்து தெற்குப் பிரிவுகளுக்குச் சாலையில் சுற்றிப் போக மலை மண்பாதையில் மூன்று, நான்கு மணி நேரம். மழை பெய்திருந்தால் அதுவும் போதாது.

வழக்கமாக நடப்பது இதுதான். படத்தைப் பார்த்து மயங்கிப் புஹோமாவில் லாட்ஜுக்குப் பணம் கட்டிவிடுவார்கள். ஏஜென்ட், அந்தத் தேதிக்குக் கிடைத்த ருஷாகா பெர்மிட்டை வாங்கிவைப்பார். முதல் நாள் ராத்திரி டிரைவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, விடியற்காலை மூன்றரைக்கே கிளம்பணும் என்பார். காலை 8 மணிவாக்கில் வனத்துறையினர் விதிகளைச் சொல்லிக் குழுக்களைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். வழியில் ஒரு டயர் சேற்றில் மாட்டினால் 800 டாலரும் போச்சு.

முதலில் பெர்மிட், பிறகு லாட்ஜ், அதன்பின் விமானம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பயணத் திட்டத்தில் வெறுமனே ‘புவிண்டி’ என்றிருந்தால் விடாதீர்கள், பெர்மிட் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரிவு, தேதி, பெயர், பாஸ்போர்ட் எண் நான்கையும் சரிபாருங்கள். உகாண்டாவின் சர்வதேச விமான நிலையம் இருக்கும் என்டெபேயிலிருந்து காரில் எட்டு முதல் பத்து மணி நேரம் என்பதால், இறங்கிய மறுநாளே பெர்மிட் வைத்துக்கொள்வதும் ஆபத்து. தெற்குப் பிரிவு கிடைத்தால் ருவாண்டாவின் கிகாலியில் இறங்குவது சுலபம். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் ஒரே விசா இருக்கிறது.

சளியை மறைத்துப் போவது

நம் சளி கொரில்லாவுக்கு நிமோனியா ஆகலாம். 2009-இல் ருவாண்டாவில் மனிதர்களுக்கு வரும் ஒரு சுவாச வைரஸ் தொற்றி இரண்டு கொரில்லாக்கள் செத்தன. இருமல் இருந்தால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். முகக்கவசமும் 10 மீட்டர் இடைவெளியும் கட்டாயம். குட்டி தானாக நெருங்கி வந்தால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

ஃப்ளாஷ்

அணைத்துவிடுங்கள், செல்போனிலும்.

போர்ட்டர் வேண்டாம் என்பது

சுமார் 20 டாலர். பாதையே இல்லாத சரிவில் புதரை வெட்டிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும்; பையைத் தூக்குவதைவிட உங்களைக் கைகொடுத்து இழுத்துவிடத்தான் அவர் தேவை. தோட்டவேலைக் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பிடிக்கும் செடியெல்லாம் காஞ்சொறி போல அரிக்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

கிளம்பப் பத்து நாளாவது முன்னால், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

பழைய டாலர்

2009-க்கு முந்தைய நோட்டு அங்கே செல்லாது.

பட்வா மக்களை அரைமணியில் பார்ப்பது

இந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள் பட்வா. 1991-இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது வெளியேற்றப்பட்டார்கள். கொரில்லா பார்த்த களைப்போடு ஒரு நடனம் பார்த்துவிட்டு வருவது அவர்களுக்கு மரியாதை அல்ல. அரைநாள் ஒதுக்குங்கள், வழிகாட்டி பட்வாவாக இருக்கிறாரா, கட்டணம் யாருக்குப் போகிறது என்று முன்பே கேளுங்கள். தேன் எடுப்பதையும், குச்சியைக் கடைந்து தீ மூட்டுவதையும் அவர்களே காட்டுவார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகள் கையில் காசோ மிட்டாயோ கொடுக்க வேண்டாம், பள்ளியை விட்டுச் சாலையோரம் நிற்கப் பழகிவிடுவார்கள். கூடை பிடித்திருந்தால் பின்னியவரிடமே வாங்குங்கள்.