தைராய்டு அறுவை முடிந்து வார்டில் இருக்கும் நாட்கள்

மயக்கம் தெளிந்ததும் தொண்டை வலிக்கும், குரல் கரகரக்கும். மயக்க மருந்து தர மூச்சுக்குழாய்க்குள் விட்ட குழாயால் வருவது இது. பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். எல்லோரும் குரலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். முதல் நாள் கூட இருப்பவர் கண் வைக்க வேண்டியது கழுத்தில்.

காயத்துக்குள் ரத்தம் தேங்கினால் மூச்சு அடைபடும். இது அபூர்வம், வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் 6 மணி நேரத்தில் அதிகம் வரும். கழுத்து புடைத்து இறுகுகிறதா, படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் தவிக்கிறாரா, எச்சில் விழுங்கத் திணறுகிறாரா, மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறதா? ஒன்று தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டிவரலாம். காயத்தில் சேரும் ரத்தத்தை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், உறைந்த ரத்தம் அதை அடைத்துவிடும். கழுத்தைச் சால்வையால் மூடிவிட்டால் வீக்கம் கண்ணில் படாது.

கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருக்கட்டும். எழும்போது பின்னந்தலையைக் கையால் தாங்கிக்கொண்டால் தையல் இழுபடாது. தண்ணீரை நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு மடக்காகக் குடிக்கவும். குடிக்கும்போதெல்லாம் புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். குரல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பிறகு கஞ்சி, இட்லி, குழைந்த ரசம் சாதம்.

சுரப்பியை முழுதாக எடுத்தவர்களுக்கு அடுத்த கவலை கால்சியம். தைராய்டின் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பவை இவைதான்; அறுவையில் இவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தால் கால்சியம் இறங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் இது மோசமாகும், அதனால் வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் குறுகுறுக்கும், மரத்துப்போகும். பிறகு கை கால் இழுக்கும். பிரஷர் பார்க்கப் பட்டையை இறுக்கும்போது மணிக்கட்டு மடங்கி விரல்கள் குவிந்துகொண்டால் அதுவும் இதே அறிகுறிதான். லேசாக இருக்கும்போதே சொன்னால் பெரும்பாலும் மாத்திரையே போதும். முற்றிவிட்டால் கால்சியம் குளுக்கோனேட்டை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றுவார்கள். அப்போது ஊசி குத்திய இடம் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் புண்ணாகும்.

பாதி சுரப்பியை மட்டும் எடுத்தவர்களுக்குக் கால்சியம் பிரச்சினை அநேகமாக வராது. பலருக்குத் தைராக்சினும் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) தேவைப்படாது.

தைராக்சின் எழுதிக் கொடுத்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும், சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசி கால்சியம் அளவு, அடுத்த ரத்தப் பரிசோதனை நாள், பயாப்ஸி முடிவு வரும் நாள் மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள். கை கால் இழுத்தால் இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.