எந்தப் பதிவு, எந்தப் பதிப்பு? ஆல்பம் பரிந்துரைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியோ ஆர்வலர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், கருவிகளைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் எழும் கேள்வி, "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஒரே வரியில் வந்துவிடுகிறது: கலைஞரின் பெயர், ஆல்பத்தின் பெயர், "ரெக்கார்டிங் பிரமாதம், அவசியம் கேளுங்கள்." கேட்டவர் வீட்டுக்குப் போய், ஸ்ட்ரீமிங் செயலியில் அந்தப் பெயரைத் தேடி, முதலில் வந்து நிற்கும் பதிப்பை ஓட விடுகிறார். சொன்னவர் அனுபவித்தது அவருக்குக் கிடைப்பதில்லை. குறை தன் ஸ்பீக்கரில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அதை மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்களை நான் அறிவேன். ஆல்பத்தின் பெயர் முகவரியில் ஊர்ப்பெயரைப் போன்றது; தெருவையும் கதவு எண்ணையும் சொல்லாவிட்டால் யாரும் போய்ச் சேர முடியாது.

இதற்கு மிகத் தெளிவான சான்று கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் கிளென் கூல்ட். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை அவர் ஸ்டுடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார். 1955இல் பதிவான முதலாவது 38 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 1981இல் பதிவான இரண்டாவது 51 நிமிடங்கள் நீள்கிறது. தொடக்கத்தில் வரும் 'ஆரியா' பகுதியை 22 வயது இளைஞர் இரண்டு நிமிடத்துக்குள் வாசித்துவிட, அதையே ஏறத்தாழ ஐம்பதை எட்டியவர் மூன்று நிமிடத்துக்கு, ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருந்து வாசிக்கிறார். முதலாவது மோனோ, இரண்டாவது ஸ்டீரியோ. எனவே "கூல்டின் கோல்ட்பெர்க் கேளுங்கள்" என்று ஆண்டைச் சொல்லாமல் விட்டால், ஒருவர் நிதானத்தைத் தேடிப் போய் வேகத்தில் சிக்கிக்கொள்வார். ஆண்டைச் சொன்னாலும் வேலை முழுதாக முடிவதில்லை. 1981ஆம் ஆண்டுப் பதிவு டிஜிட்டல் நாடாவிலும் அனலாக் நாடாவிலும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது. முதலில் வெளிவந்தது டிஜிட்டல் வடிவம். அனலாக் நாடாவிலிருந்து உருவான பதிப்பு 2002இல்தான் வந்தது. இரண்டையும் கேட்டவர்கள் பியானோவின் ஒலி வேறுபடுவதை உணர்வார்கள்.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் கதை இன்னும் விந்தையானது. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் முதல் மூன்று உருப்படிகளும் பதிவானபோது, நாடா ஓடிய இயந்திரங்களில் ஒன்று சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடவிட்டுத் தட்டு அடித்தபோது, இசை வாசித்ததைவிடச் சற்றே வேகமாகவும் சுருதி சற்றே ஏறியும் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அந்தச் சுருதியில்தான் இவற்றைக் கேட்டது. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவிலிருந்து திருத்திய பதிப்பு வந்தது 1992இல். ஏப்ரல் 22 அன்று பதிவான, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே பழைய இசைத்தட்டு வைத்திருப்பவரும் புதிய சிடி வைத்திருப்பவரும் "டேவிஸின் ட்ரம்பெட் பளிச்சென்று இருக்கிறது", "இல்லை, கனிந்து இருக்கிறது" என்று வாதிடத் தொடங்கினால், முதலில் கேட்க வேண்டியது அவர்கள் ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) பெயரை அல்ல, பதிப்பின் ஆண்டை.

நம் இசையில் இந்தத் தவறு இன்னும் பெரிய இழப்பைத் தருகிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்து 78 ஆர்பிஎம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடங்களே கிடைத்தன. ராகம், கிருதி, ஸ்வரம் எல்லாவற்றையும் அந்த அளவுக்குள் சுருக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே வித்வான் அதே கிருதியைக் கச்சேரி மேடையில் விரித்துப் பாடியது வேறொரு அனுபவம். "அரியக்குடியைக் கேட்டேன், ஒன்றும் நிற்கவில்லை" என்று ஓர் இளைஞர் சொன்னால், அவர் கேட்டது இசைத்தட்டா கச்சேரிப் பதிவா என்று விசாரிக்காமல் அவர் ரசனையைக் குறை சொல்வது அநியாயம். அவருக்கு ஆலாபனையின் விஸ்தாரம் தேவைப்பட்டிருக்கும். நாமோ அச்சு வெல்லம் போல் சுருக்கி வார்த்த தட்டைக் கொடுத்திருப்போம். மேற்கத்திய ராக் இசையிலும் இப்படி உண்டு: டயர் ஸ்ட்ரெயிட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985இல் வெளிவந்தபோது, சிடியில் முழு நீளத்தில் இருந்த சில பாடல்கள் எல்பி இசைத்தட்டில் சுருக்கப்பட்டிருந்தன.

அடுத்த தவறு, ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது. சென்ற ஆண்டு ஒரு நண்பர் வீட்டில் ஐந்து பேர் கூடி, ஒரே ஆல்பத்தின் பழைய சிடியையும், ஒலியைப் புதிதாகச் சீரமைத்து வெளியிட்ட ரீமாஸ்டர் பதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டோம். ரீமாஸ்டர்தான் உயிரோட்டமாக இருக்கிறது என்று ஐவரும் சொன்னோம். நண்பர் ஒன்றும் பேசாமல் ஒலி அளக்கும் கருவியை நாற்காலியின் மேல் வைத்து, இரண்டையும் மறுபடி ஓடவிட்டார். ரீமாஸ்டர் 4 டெசிபெல் கூடுதல் சத்தத்தில் இருந்தது. ஆம்பின் குமிழை அந்த அளவுக்குக் குறைத்து, கண்ணை மூடச் சொல்லி மூன்றாம் முறை ஓடவிட்டபோது, மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் கூர்மை பழைய சிடியில்தான் இருந்தது. ரீமாஸ்டரில் அந்த அடி மழுங்கித் தம்பூராவின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. அன்று முதல், குமிழைத் தொடாமல் சொல்லும் ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

காரணம் நம் காதிலேயே இருக்கிறது. சத்தம் கூடும்போது தாழ்ந்த சுருதி (பேஸ்) ஒலிகள் கூடுதலாகக் கேட்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தமான பதிப்பு முதல் கேட்பில் செழிப்பாகத் தெரிவது அதனால்தான். தயாரிப்பாளர்கள் இதை அறிந்து உச்சங்களை நசுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்றினார்கள்; 2008இல் மெட்டாலிக்கா ராக் குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமில் நசுக்கப்படாமல் இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தெழுந்தார்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு உண்டு. ஒன்றில் அது இயங்க, மற்றொன்றில் நிறுத்தப்பட்டிருந்தால், இரண்டு செயலிகளின் தரத்தை ஒப்பிட்டதாகச் சொல்வதில் பொருளில்லை.

இசையின் தன்மையையும் பதிவின் தன்மையையும் குழப்பிக்கொள்வது மூன்றாவது தவறு. பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கில் தனியாக வாசித்த கச்சேரியின் பதிவை, பியானோ என்றதுமே ஸ்பீக்கர் சோதனைக்கு உகந்தது என்று சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அன்று அவர் கேட்டிருந்த பெரிய பியானோ மேடைக்கு வரவில்லை. வந்தது சிறிய, பழுதுபட்ட ஒன்று. அதன் தாழ்ந்த பகுதியில் நாதம் இல்லை, மேல் பகுதி தகரம் போல் ஒலித்தது. ஜாரெட் நடுப்பகுதியிலேயே தங்கி, இடது கையால் ஒரே அலையைத் திரும்பத் திரும்ப வாசித்து அந்தக் குறையையே இசையாக்கினார். இந்தப் பின்னணி தெரியாமல் கேட்பவர் தன் கருவியில் பேஸ் போதவில்லை என்று கவலைப்படுவார். தெரிந்து கேட்பவரோ, அந்த இடது கை ஏன் விடாமல் சுழல்கிறது என்பதை உணர்ந்து கேட்பார். பரிந்துரையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும், அதே ஆல்பம் ஏமாற்றமாகாது.

எண்களை வைத்துப் பரிந்துரைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற 'ஹை-ரெஸ்' எண் கோப்பின் கொள்ளளவைச் சொல்கிறதே தவிர, அதற்குள் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தரம் குறைத்துச் சுருக்கிய எம்பி3 கோப்பை, தரம் குறைக்காத ஃபிளாக் வடிவமாக மாற்றினால் கோப்பு பெரிதாகும், இழந்தது திரும்பாது. 16 பிட்டில் பதிவான பழைய டிஜிட்டல் ஆல்பத்தை 24 பிட் என்று விற்றாலும் நிலைமை அதுவே. நல்ல மாஸ்டரிங் செய்த சாதாரண சிடி, நசுக்கப்பட்ட ஹை-ரெஸ் கோப்பைவிட எவ்வளவோ மேல்.

எதில் கேட்டோம் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. திறந்த அமைப்புள்ள ஹெட்போனில் இரவு பதினொரு மணிக்குக் கேட்ட நுணுக்கம், மின்விசிறி சுழலும் கூடத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு எட்டாது.

பரிந்துரை பெறுபவர் யாரென்று பாராமல் பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்கி அனுப்புவது எல்லோரும் செய்வது. பட்டியல் வந்த அன்று நன்றி சொல்வார்கள். ஒன்றையும் கேட்க மாட்டார்கள். ஒரே ஓர் ஆல்பத்தைச் சொல்லி, அதில் எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று காட்டினால் அன்றிரவே கேட்பார்கள். பரிந்துரை பெற்றவருக்கும் கடமை உண்டு: முப்பது விநாடி கேட்டுவிட்டு "நமக்கு ஒத்துவராது" என்று சொல்வது, சமைத்தவர் முன்னால் இலையை மூடுவதைப் போன்றது. ஒரு முறையாவது முழுதாகக் கேட்டு, எந்த இடம் பிடித்தது, எது ஒட்டவில்லை என்று சொன்னால், அடுத்த பரிந்துரை தானாகவே கூர்மைப்படும்.

இந்த வாரம் என்னிடம் கேட்ட ஒருவருக்கு இப்படி எழுதினேன்: "கூல்டின் கோல்ட்பெர்க், 1981ஆம் ஆண்டுப் பதிவு, 2002இல் வந்த அனலாக் பதிப்பு. ஹெட்போனில், மிதமான சத்தத்தில் கேளுங்கள். பியானோவுக்குப் பின்னால் ஒருவர் முனகுவது கேட்கும். அது பழுதல்ல, வாசித்துக்கொண்டே பாடும் கூல்டின் குரல். கடைசியில் ஆரியா மறுபடி வரும்போது, தொடக்கத்தில் கேட்டதிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள்."